எழுபது தாண்டினால் எல்லாருக்கும் 5 லட்சமா? கொருக்குப்பேட்டையில் ஒரு கிழவியும் மூன்று அட்டைகளும்

வியாசர்பாடியிலிருந்து ஒருவர் கேட்டது, 9 நவம்பர் 2025

அம்மாவுக்கு 72 வயது. எழுபது வயதானால் வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மத்திய அரசே 5 லட்சத்துக்குக் காப்பீடு தருகிறது என்கிறார்கள். அப்படியானால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இனி எதற்கு? வருமானச் சான்று, தாலுகா ஆபீஸ் என்று அலைவதை விட்டுவிடலாம்தானே?

9 நவம்பர் 2025, இரவு

விட்டுவிடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. 2024 செப்டம்பர் 11 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்து, அக்டோபர் 29 அன்று தொடங்கிவைத்தார்கள். ஏழைக் குடும்பங்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் நீட்டிப்பு அது. எழுபது வயது நிரம்பியிருந்தால் போதும், வருமானம் பார்ப்பதில்லை, ஆளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம். அட்டைக்கு ஆயுஷ்மான் வய வந்தனா என்று பெயர். ஆதார் ஒன்றுதான் ஆவணம். செல்போன் செயலியிலேயே ஓ.டி.பி. வாங்கி, முகத்தைப் படம் பிடித்து முடித்துவிடலாம்.

ஆனால் அட்டை கையில் இருப்பது வேறு, நாம் படுக்கப்போகும் மருத்துவமனை அதை ஏற்பது வேறு. திட்டம் டெல்லியில் பிறந்தாலும் நடத்துவது அந்தந்த மாநிலத்தின் சுகாதார முகமைதான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்களோ அங்கே காப்பீட்டு கவுன்டரில் "வய வந்தனா அட்டைக்கு இங்கே அட்மிஷன் போடுவீர்களா?" என்று வாயைத் திறந்து கேட்டுவிட்டு வாருங்கள். ஊரெல்லாம் தெரிந்த அட்டை இன்றைக்கும் முதலமைச்சர் அட்டைதான். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்னமும் அதைக் கலைஞர் காப்பீடு என்றுதான் சொல்வார். 2009 ஜூலையில் அந்தப் பெயரில் வந்தது, 2012 ஜனவரியில் பெயர் மாறியது, 2018-இல் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. அவருக்கு இதெல்லாம் ஒன்றுதான்.

10 நவம்பர் 2025, காலை

நேற்று ராத்திரி "ஆளுக்கு" என்று எழுதியது தப்பு. வீட்டில் எழுபது தாண்டியவர் ஒருவரானால் 5 லட்சமும் அவருக்கு. கணவன் மனைவி இரண்டு பேரும் தாண்டியிருந்தால் அதே 5 லட்சத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு நல்ல விஷயம் விட்டுப்போனது. குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மான் பாரத்தில் இருந்தால், வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு 5 லட்சம் சேரும். அதில் பிள்ளைகளோ பேரன்களோ கை வைக்க முடியாது. அதனால்தான் பழையதை விடாதீர்கள் என்றேன்.

10 நவம்பர் 2025, மாலை

நீங்கள் அட்டை எடுத்தாயிற்றா என்று கேட்கிறீர்கள். எடுக்க முடியவில்லை. என் அம்மாவுக்கு இன்னும் எழுபதே ஆகவில்லை.

சிரிக்காதீர்கள். அம்மா பிறந்தது ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து மெட்ராஸைக் காலி செய்துகொண்டு ஓடிய வருஷம். அவளே சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். பாட்டி வயிற்றில் அவளைச் சுமந்துகொண்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம் மாட்டுவண்டியில் போனாளாம். அது 1942. அப்படிப் பார்த்தால் இப்போது 83. ஆதார் எடுத்த முகாமில் உட்கார்ந்திருந்த பையன் "வயசு இன்னா பாட்டி?" என்று கேட்டிருக்கிறான். இவள் "இன்னா ஒரு அம்பது அறுபது இருக்கும்" என்றிருக்கிறாள். அவன் குத்துமதிப்பாக 1957 என்று போட்டுவிட்டான்.

நான் 1961. ஆதாரின்படி என்னைப் பெற்றபோது அம்மாவுக்கு நாலு வயது.

பிறந்த தேதியை ஆதாரில் ஒரு முறைதான் மாற்றலாம். அவசரப்பட்டு ஏதோ ஒரு காகிதத்தைக் கொடுத்து அதிலும் தப்பு விழுந்துவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் ஆகாது. ஆகவே முதலில் வயதே கேட்காத முதலமைச்சர் அட்டைக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். அதற்கும் ஒரு கதை இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

12 நவம்பர் 2025

ஜூன் மாதம் அம்மா அடிபம்பு மேடையில் வழுக்கி விழுந்தாள். வீட்டில் குழாய் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் பாத்திரம் விளக்கினால் வழுவழுப்பு போகாதாம், அதனால் தெருப் பம்புக்குப் போனாள். ஒரு பிளாஸ்டிக் குடம் உடைந்தது, இடுப்பு எலும்பும் உடைந்தது. அவள் முதலில் கேட்டது குடத்தைத்தான்.

தம்பி பதறிப்போய்ப் பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஆபரேஷன் என்றார்கள். "இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டார்கள். இவன் "கவர்மென்ட் கார்டு இருக்கும்" என்றான். அப்ரூவல் வர நாளாகும், இப்போதைக்கு 40,000 கட்டுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் 15,000 கட்டிவிட்டான். அந்த ராத்திரி வீட்டுக்கு வந்து ட்ரங்க் பெட்டியைக் குடைந்தேன். கிடைத்தது 2009-இல் கொடுத்த கலைஞர் காப்பீட்டு அட்டை. லேமினேஷன் ஓரம் பிரிந்து, அப்பா படத்தோடு. அப்பா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது.

அந்த அட்டை செல்லாது. புதிதாக எடுக்கலாம் என்று பார்த்தால் அம்மா பெயர் தம்பியின் ரேஷன் கார்டில் இருக்கிறது. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் இருப்பவர்கள்தான், வருமானம் என்றால் அந்தக் குடும்பத்தின் வருமானம். வரம்பு ஆண்டுக்கு 1,20,000. முன்பு 72,000 ஆக இருந்ததை உயர்த்தினார்கள். மாதத்துக்குப் பத்தாயிரம்தானே வருகிறது கணக்கு? தம்பி வேலை செய்யும் கன்டெய்னர் யார்டில் பதினெட்டாயிரம் சம்பளம். அம்மாவின் வருமானம் என்று பார்த்தால் அப்பாவின் பி.எஃப். கணக்கிலிருந்து வரும் விதவைப் பென்ஷன், மாதம் ஆயிரத்துச் சொச்சம். ஆனால் கார்டில் பெயர் எங்கே இருக்கிறதோ அதுதான் கணக்கு.

மறுநாள் அரசு மருத்துவமனைக்கு மாற்றினோம். வார்டில் காப்பீட்டு அட்டை கேட்டார்கள், இல்லை என்றோம். அதற்காகச் சிகிச்சை நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் ஆபரேஷன் ஆனது. மருத்துவச் செலவு எங்களுக்கு ஒன்றுமில்லை. ஆட்டோ, பால், காவலுக்குப் படுத்தவருக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். அது தனிக் கணக்கு, அதையும் ஒரு நாள் எழுத வேண்டும்.

தனியாரில் கட்டிய 15,000-இல் 6,200 திரும்பி வந்தது.

13 நவம்பர் 2025

"அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம், பிறகு அட்டை எதற்கு?" இந்தக் கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது.

நானும் வார்டில் இதையேதான் கேட்டேன். அங்கிருந்த காப்பீட்டுப் பணியாளர் பெண் பொறுமையாகச் சொன்னது: அட்டை உள்ள நோயாளிக்குச் செய்யும் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையும் காப்பீட்டில் தொகை கோரிப் பெறுகிறது, அந்தப் பணம் மருத்துவமனைக்கே வருகிறது. நம்மிடமிருந்து ஒரு பைசா போவதில்லை. ஸ்டான்லியானாலும் கீழ்ப்பாக்கமானாலும் அட்டையை எடுத்துப் போவது நல்லது என்று அப்போதுதான் புரிந்தது. நம்மைப் போன்றவர்கள் தனியாரில் படுக்க நேர்ந்தால் அட்டை அவசியம், அரசு மருத்துவமனையில் அது நாம் திருப்பிச் செய்யும் உதவி மாதிரி.

இன்னொன்று. தனியாரில் எல்லா ஆஸ்பத்திரியும் திட்டத்தில் இல்லை. இருக்கிற ஆஸ்பத்திரியிலும் எல்லா நோய்க்கும் கிடையாது. 2022-இல் புதுப்பித்தபோது 1,090 சிகிச்சை முறைகள், 8 தொடர் சிகிச்சைகள், 52 பரிசோதனைகள் என்று பட்டியல் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேக்கேஜ் தொகை. மருத்துவமனை முன்கூட்டி அனுமதி வாங்கும், நாம் பணம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கும் கதையே இதில் இல்லை. எங்களிடம் 40,000 கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கட்டணமில்லா எண் 1800 425 3993. அன்றைக்கு அந்த எண் என் போனில் இல்லை, இப்போது அம்மா பெயருக்கு அடுத்து அதைத்தான் வைத்திருக்கிறேன்.

13 நவம்பர் 2025, பின்னிரவு

மேலே "நம்மைப் போன்றவர்கள்" என்று எழுதியிருக்கிறேன். என்னிடமே எந்த அட்டையும் இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. எழுபது ஆகவில்லை. மகன் சம்பாதிக்கிறான், ஒரே ரேஷன் கார்டு, அதனால் முதலமைச்சர் திட்டமும் இல்லை. வேலையில் இருந்தவரை இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு இருந்தது, வேலையோடு அதுவும் போயிற்று. ஊருக்கு உபதேசம்.

15 நவம்பர் 2025

ரேஷன் கார்டைப் பிரித்த விஷயம் கேட்டிருந்தீர்கள்.

அம்மா இருப்பது கீழ்ப் போர்ஷன், தம்பி மாடியில். அடுப்பு தனி, கேஸ் தனி. மருமகள் வைக்கும் குழம்பில் புளி போதாது என்று இருபது வருஷமாகத் தனிச் சமையல்தான். ஆகவே தனிக் கார்டு கேட்பதில் பொய் ஒன்றுமில்லை. ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு காப்பீட்டுக்காகக் கார்டைப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள், விசாரணைக்கு ஆள் வரும்போது மாட்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக்கும் ஆள் வந்தார். அம்மா அவரைச் சமையல்கட்டுக்கே கூட்டிப்போய் அடுப்பில் கொதித்த நெத்திலிக் குழம்பைக் காட்டினாளாம்.

ஜூலையில் இ-சேவையில் போட்டோம். தம்பி கார்டில் பெயர் நீக்கி, தனிக் கார்டு வரச் செப்டம்பர் ஆகிவிட்டது. அப்புறம் வருமானச் சான்று, இ-சேவையில் 60 ரூபாய். தண்டையார்பேட்டை தாலுகாவில் ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள், பென்ஷன் வரும் வங்கிப் பாஸ்புக் நகல் வைக்கவில்லை என்று. நியாயம்தான், நான்தான் வைக்க மறந்தேன்.

ஆக, அம்மா விழுந்தது ஜூனில், நவம்பர் பாதி ஓடியும் அட்டை வரவில்லை. அடிபம்பு முந்திக்கொண்டது.

18 நவம்பர் 2025

இன்று எதிர்வீட்டு டீச்சரம்மா கதை. டீச்சர் அவரில்லை, அவர் வீட்டுக்காரர்தான் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே இவரை டீச்சரம்மா என்று கூப்பிடுகிறது. கணவர் போனபின் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. முட்டி மாற்று ஆபரேஷனுக்கு மகளிடம் கடன் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தேகம் வந்து ஓய்வூதியச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பாஸ்புக்கில் கைக்கு வந்த தொகைதான் தெரியும், பிடித்தம் தெரியாது. சீட்டில் மாதம் 497 ரூபாய் பிடித்தம். "இது ஏதோ வரி போல, அவர் இருக்கும்போதே பிடிப்பார்கள்" என்கிறார். அது வரியில்லை அம்மா, உங்கள் மருத்துவக் காப்பீடு என்றேன். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரை நான்கு ஆண்டுக்கு 5 லட்சம், குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கு 10 லட்சம். கண்புரைக்கு 30,000 வரை. முந்தைய திட்டத்தில் பிடித்தம் 350 ஆக இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது: முதலமைச்சர் திட்டத்தின் 5 லட்சம் ஓர் ஆண்டுக்கு. ஓய்வூதியர் திட்டத்தின் 5 லட்சம் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து. எண் ஒன்றுதான் என்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு தெருமுனையில் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு மேலாக மாதாமாதம் 497 கட்டிவிட்டு, கடனுக்கு மகள் வீட்டுப் படி ஏறியிருக்கிறார். கணக்குப் போட்டுச் சொன்னேன், ஏறக்குறைய இருபதாயிரம். "அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலையே" என்று படத்தைப் பார்த்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

19 நவம்பர் 2025

மச்சான் இதைப் படித்துவிட்டு போன் செய்தார். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். "எங்களைப் பற்றி ஒரு வரி எழுதலையே மாப்ளே" என்கிறார்.

எழுதிவிட்டேன் மச்சான். ரயில்வேக்காரர்கள் ஓய்வு பெறும்போது ஒரே தடவை சந்தா கட்டிவிட்டால் கணவன் மனைவி இருவருக்கும் ஆயுளுக்கும் ரயில்வே மருத்துவமனை. உமிட் அட்டை என்று வைத்திருக்கிறார்கள். இவர் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். 1975-இல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை அங்கேதான் செய்தார் என்பதை இவரே கத்தி எடுத்துக் கொடுத்தது போலச் சொல்வார். அப்போது இவர் பயிற்சிப் பள்ளியில் அரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்ட கேள்வி உருப்படியானது: இருக்கும் அரசு வசதியோடு வய வந்தனாவும் எடுக்கலாமா? மத்திய அரசு ஊழியர்களின் சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் படைவீரர்களின் இ.சி.எச்.எஸ்., துணை ராணுவத்தினரின் ஆயுஷ்மான் திட்டம், இவற்றில் இருப்பவர்கள் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியார் பாலிசியோ இ.எஸ்.ஐ.யோ வைத்திருப்பவர்கள் அதையும் வைத்துக்கொண்டு இதையும் எடுக்கலாம். மச்சானுக்கு என் யோசனை: கையில் இருப்பது ஆயுளுக்கும் என்னும்போது அதை ஆட்டிப் பார்க்காதீர்கள்.

22 நவம்பர் 2025

இ.எஸ்.ஐ. விஷயத்தில் நான் எழுதியது முழுத் தப்பு. "வேலையோடு அதுவும் போயிற்று" என்று 13-ஆம் தேதி எழுதியிருக்கிறேனே, அதைப் பார்த்துவிட்டு எண்ணூரிலிருந்து ஒரு பழைய சகா, லேத்தில் எனக்குப் பக்கத்து மெஷின், வாட்ஸாப்பில் நாலு கெட்ட வார்த்தையோடு ஒரு படம் அனுப்பினான். அவனுடைய ரசீது. 120 ரூபாய்.

மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு 120.

ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயதில் வெளியே வந்தவராக இருந்தால், வருஷத்துக்கு 120 ரூபாய் முன்கூட்டிக் கட்டி, தானும் மனைவியும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். இந்த விதி எத்தனையோ காலமாக இருக்கிறது. நான் 2019-இல் ஓய்வு பெற்றேன். ஆறு வருஷம். அதற்குள் மனைவிக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் ஒன்று கைக்காசில் முடிந்துவிட்டது. அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையை வாரத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸில் கடந்து போகிறேன், ஒரு நாள் இறங்கிக் கேட்கவில்லை.

கடைசி வருஷங்களில் சம்பளம் வரம்பைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.யிலிருந்து விழுந்தவர்கள் இருப்பார்கள். வரம்பு 2017 ஜனவரியிலிருந்து 21,000. அவர்களுக்கும் 2024 பிப்ரவரியில் கதவு திறந்தார்கள்: 2012 ஏப்ரலுக்குப் பிறகு ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து, 2017 ஏப்ரலுக்குப் பிறகு ஓய்வு பெற்று, சம்பளம் 30,000-க்குள் இருந்தவர்கள். மணலி, எண்ணூர், மாதவரம் பக்கம் வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் இதில் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம்ம பக்கம் பாதித் தெரு பழைய இ.எஸ்.ஐ.தான்.

23 நவம்பர் 2025

பழைய இ.எஸ்.ஐ. எண் கிடைத்துவிட்டது. சமையல் குறிப்பு எழுதிய டைரியின் பின்னட்டைக்குள் மனைவி செருகி வைத்திருந்தாள். பத்து இலக்க எண். கம்பெனி இப்போது இல்லை, அந்த இடத்தில் கோடவுன் இருக்கிறது. ஆனால் ஓய்வின்போது கொடுத்த கடிதம் இருக்கிறது. திங்கட்கிழமை கிளை அலுவலகம் போகிறேன்.

27 நவம்பர் 2025

மழை. எங்கும் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து இன்னொரு சங்கதி.

வய வந்தனா, முதலமைச்சர் அட்டை இரண்டிலும் மாத்திரைச் செலவு வராது. ஆயுஷ்மானும் முதலமைச்சர் திட்டமும் படுக்கையில் சேர்ந்தால்தான். ஆயுஷ்மானில் சேர்வதற்கு முன் மூன்று நாள், வீடு திரும்பியபின் பதினைந்து நாள் செலவு சேரும். சும்மா போய் டாக்டரைப் பார்த்தது, பி.பி. மாத்திரை, சர்க்கரை டெஸ்ட் எதுவும் கிடையாது. ஆனால் கிழவன் கிழவிக்கு மாதாமாதம் கையைக் கடிப்பது இதுதானே? ஆபரேஷன் வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ.

அம்மாவுக்கு பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதம் ஒரு முறை ஒரு பெண் பை நிறைய மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார். அம்மா அவருக்காக முறுக்கு எடுத்து வைத்திருப்பாள். தனக்குச் சர்க்கரை என்பதால் அவர் சாப்பிடுவதை இவள் பார்த்துக்கொண்டிருப்பாள். காப்பீட்டைப் பற்றிப் பேசும்போது யாரும் இதைச் சொல்வதில்லை, பெயரில் "காப்பீடு" இல்லை என்பதாலோ என்னவோ.

கண்புரைக்கும் அப்படித்தான். அட்டை அட்டை என்று அலைவதற்குள் எழும்பூர் கண் மருத்துவமனைக்குப் போய்விடலாம். 1819-இல் தொடங்கியது, உலகத்திலேயே பழைய கண் மருத்துவமனைகளில் இரண்டாவது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அங்கே இரண்டு கண்ணும் செய்துகொண்டு வந்து, தெருவில் எல்லாருடைய முகச்சுருக்கத்தையும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

29 நவம்பர் 2025

"எதற்கு இந்தப் பாடு, தனியார் பாலிசி எடுத்துவிட்டால் என்ன?"

எடுக்கலாம், காசு இருந்தால். 65 வயதுக்கு மேல் புதிதாகத் தரமாட்டோம் என்று சொல்லும் வழக்கத்துக்கு 2024 ஏப்ரலில் முடிவு கட்டினார்கள். இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஒரே வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இஷ்டப்படி ஏற்ற முடியாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு. செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை. எல்லாம் நல்லதுதான். 83 வயது, உடைந்த இடுப்பு, சர்க்கரை என்று நான் விலை கேட்டபோது அந்த முகவர் எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அரசுத் திட்டங்களில் காத்திருப்புக் காலம் கிடையாது, இருந்த நோய் இல்லாத நோய் என்ற கேள்வி கிடையாது. அம்மா மாதிரி ஆட்களுக்கு அது ஒன்றே போதும்.

4 டிசம்பர் 2025

கிளை அலுவலகம் போனேன். ஓய்வுக் கடிதத்தில் என் அப்பா பெயரில் ஓர் எழுத்து பிசகு. ஆதார், வங்கி, கடிதம் மூன்றையும் ஒப்பிட்டு நகல் எடுத்து வரச் சொன்னார்கள். அம்மாவின் வயதைப் பார்த்துச் சிரித்தேன் அல்லவா, எனக்கும் வந்தது.

11 டிசம்பர் 2025

அம்மாவை கலெக்டர் ஆபீஸ் கூட்டிப்போனோம். ராஜாஜி சாலை, சிங்காரவேலர் மாளிகை. அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும், ஆளை நேரில் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய நலம் காக்கும் ஸ்டாலின் முகாம்களிலும் பதிந்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி இறங்குவதற்குள் நாங்கள்தான் களைத்துப் போனோம், அவள் இல்லை.

ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் மூன்றையும் கொடுத்தேன். வயது பார்க்கிறார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். பார்த்தார்கள், படித்தார்கள், 68 என்று தட்டினார்கள். கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"மகன்."

அம்மா முந்திக்கொண்டு, "மூத்த மகன்மா. இவனுக்கப்புறம் நாலு" என்றாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு கேமராவைச் சரிசெய்தார்.

12 டிசம்பர் 2025

நேற்று விட்டுப்போனது. அங்கே எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவரிடம் பழைய அட்டை ஒன்று இருந்தது, கல்யாணமாகித் தனிக் கார்டுக்குப் போய்விட்ட மகளின் பெயர் அதில் இன்னும் இருந்தது. அட்டை வைத்திருப்பவர்கள் உங்கள் ரேஷன் கார்டு எண்ணைக் கொடுத்துத் திட்டத்தின் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று. அச்செடுக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது.

19 டிசம்பர் 2025

120 ரூபாய் கட்டிவிட்டேன். ரசீதைப் படமெடுத்து எண்ணூர்க்காரனுக்கு அனுப்பினேன். "ஆறு வருஷத்துக்கு 720 மிச்சம் பிடிச்சிட்டே" என்று பதில் வந்தது. மனைவி அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். ஆபரேஷனுக்கு ஆன செலவு அவளுக்கு ரூபாய் பைசாவோடு தெரியும்.

28 டிசம்பர் 2025

அம்மாவின் அட்டை வந்துவிட்டது. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா படம் எங்கடா?"

அது பழைய அட்டைம்மா, இது உனக்கு மட்டும் என்றேன். பழையது செல்லாது, தூக்கிப் போட்டுவிடு என்றும் சொன்னேன். ட்ரங்க் பெட்டியைத் திறந்து பழைய அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே புதியதையும் செருகினாள், இரண்டும் முகத்தோடு முகம் பார்க்கும்படி. நான் புதிய அட்டையை மட்டும் போனில் படமெடுத்துக்கொண்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பெட்டியின் பூட்டைத் திறக்க நமக்கு ஆகாது.

வியாசர்பாடித் தம்பிக்கு: உங்கள் அம்மாவின் ஆதாரில் பிறந்த வருஷம் என்னவென்று நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை.

29 டிசம்பர் 2025

1963 என்று பதில் வந்திருக்கிறது.

தம்பி, 72 என்று எழுதினீர்களே. ஆதார்படி அவருக்கு 62. முதலமைச்சர் அட்டையைப் புதுப்பித்துவிட்டு மறு வேலை பாருங்கள்.